முகப்பில் நிற்க வேண்டிய சான்றுகள்: சிறு இணையக் கடையின் முதல் பக்கம் பற்றி

சிறு இணையக் கடைக்கு முகப்புப் பக்கம் அமைக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய கடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள். மேலே தானாக நகரும் பேனர். அதன்கீழ் வட்ட வட்டமாக வகைகள். அதற்கும் கீழே ‘இன்றைய சலுகை’, ‘அதிகம் விற்பவை’ என்று வரிசைகள். அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் பொருந்துகிற இந்த அமைப்பு, ஏழெட்டுச் சரக்கு விற்கும் கடைக்கும் அப்படியே வந்து சேர்கிறது. இந்தப் பழக்கம் அடிப்படையிலேயே தவறானது என்பது இக்கட்டுரையின் வாதம். பெரிய கடைக்குள் நுழைபவர் அந்தக் கடையை நம்பிவிட்டுத்தான் நுழைகிறார். அவருடைய கேள்வி, இத்தனை சரக்கில் எனக்கு வேண்டியது எங்கே இருக்கிறது என்பது. சிறு கடைக்கு வருகிறவருக்கு அந்தச் சிரமமே இல்லை. அவர் கேட்பது: நீங்கள் யார், பணம் கட்டினால் பொருள் வந்து சேருமா, சேர்ந்தது சரியில்லை என்றால் யாரைக் கேட்பது? முதல் கேள்விக்காக வளர்ந்த வடிவத்தை எடுத்து இரண்டாம் கேள்வியின் முன்னால் நிறுத்தினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பதிலாகாது.

வாதம் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் குடும்பமாகக் கடலைமிட்டாய் போடும் ஒரு பட்டறை. குறிப்பிட்ட எந்தக் கடையும் அல்ல. அவ்வூர்த் தொழிலுக்குப் பொருந்த அமைத்துக்கொண்ட மாதிரி. கடலைமிட்டாய், எள்ளுமிட்டாய், கடலை உருண்டை, பொரி உருண்டை என்று ஏழெட்டுச் சரக்கு. சுற்றுவட்டாரக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது இணையத்திலும் விற்க நினைக்கிறார்கள். சரக்கு நல்ல சரக்கு. ஆனால் கோவில்பட்டிப் பெயரைப் போட்டு எந்த ஊரில் இருந்தும் யாரும் ஒரு தளம் திறந்துவிட முடியும். வாங்குபவரால் முகர்ந்து பார்க்க முடியாது; ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்க்க முடியாது. கடலை சிக்கு வாடை அடிக்கிறதா, பாகு பதம் தப்பியிருக்கிறதா, வழியில் நமத்துப் போயிருக்கிறதா என்பதெல்லாம் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். பணம் அதற்கு முன்பே போயிருக்கும்.

முகப்புக்கு வருபவர் எங்கிருந்து வருகிறார்?

வடிவமைப்புப் பாடங்கள் முகப்பைக் கடையின் வாசலாகக் கருதுகின்றன. 2000ஆம் ஆண்டையொட்டி அது உண்மையாக இருந்தது. அன்று இணைய முகவரியைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். முகப்பே முதல் பக்கம். யாக்கோப் நீல்சன் போன்ற பயன்பாட்டியல் அறிஞர்கள் முகப்பைத் தனியே எடுத்து ஆராய்ந்தது அந்தச் சூழலில்தான். இன்று நம் மாதிரிக் கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலைப் பார்த்தோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட இணைப்பைத் தொட்டோ, கூகுளில் தேடியோ வருகிறார். அந்த இணைப்பு அவரை நேராகச் சரக்கின் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே படத்தைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், பிடித்திருக்கிறது. பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் ஒரு தயக்கம். அப்போதுதான் மேலே இருக்கும் கடைப் பெயரைத் தொட்டு முகப்புக்கு வருகிறார்.

இந்த வரிசையைக் கணக்கில் எடுத்தால் முகப்பின் வேலையே மாறிவிடுகிறது. அது வரவேற்கும் பக்கமாக இருப்பதைக் காட்டிலும் விசாரிக்கும் பக்கமாக இருக்க வேண்டியதாகிறது. சரக்கைப் பற்றி முடிவுசெய்துவிட்டு, விற்பவரைப் பற்றி முடிவுசெய்ய வந்திருப்பவருக்கு ‘எங்கள் இணையதளத்துக்கு நல்வரவு’ என்ற வாசகத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் பார்த்துவிட்டு வந்த அதே மிட்டாயின் படத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டுவதாலும் பயனில்லை.

சரக்கு தெரியாத சந்தை

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட, பழைய கார்ச் சந்தை பற்றிய கட்டுரை இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில், வாங்குபவர் எல்லாச் சரக்குக்கும் சராசரித் தரத்துக்குரிய விலையையே தர முன்வருவார். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விலகுவார். மீந்திருப்பதன் சராசரி இன்னும் கீழே போகும். நல்ல வெல்லமும் நல்ல கடலையும் போட்டு மிட்டாய் செய்பவருக்கு இணையத்தில் நேர்வது இதுதான். மலிவுச் சரக்கோடு இவருடையதையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அதன் விலைக்கே கேட்கிறார்கள்.

இதற்கு வழி என்ன என்பதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேலைச் சந்தையை வைத்து எழுதினார். நல்லவர் தம்மை நல்லவரென்று காட்ட ஓர் அடையாளத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அடையாளத்தைப் பெறுவது தரமில்லாதவருக்குக் கூடுதல் செலவாக இருந்தால்தான் அது எடுபடும். இருவருக்கும் சமமாக மலிவாகக் கிடைக்கும் அடையாளம் எதையும் பிரித்துக் காட்டாது. அக்கர்லாஃபும் ஸ்பென்ஸும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸுடன் சேர்ந்து 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றது இந்த வகை ஆய்வுகளுக்காகத்தான்.

இந்த உரைகல்லில் முகப்பின் ஒவ்வோர் உறுப்பையும் உரசிப் பார்க்கலாம். மோசடிக்காரர் இதைப் பத்து நிமிடத்தில் போட்டுவிட முடியுமா? முடியுமென்றால் அது இடத்தை அடைக்கிறதே தவிர, நம்பிக்கைக்கு எதையும் சேர்ப்பதில்லை. ‘100% தரம்’ என்ற முத்திரை, ‘இயற்கையானது, கலப்படமற்றது’ என்ற வரி, பெயரில்லாத ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள், விலைக்கு வாங்கிய படத்தில் சிரிக்கும் குடும்பம், எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்துவிடுகின்றன. இணைய மதிப்புரைகள் எந்த அளவுக்குச் சிக்கலாகிவிட்டன என்பதற்கு, இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் அவற்றுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்ததே சாட்சி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். ஸ்டான்ஃபோர்டில் பி.ஜே. ஃபாக் தலைமையில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் 2,600க்கும் மேற்பட்டோர், இணையதளங்களின் நம்பகத்தன்மை பற்றிக் கருத்துச் சொன்னார்கள். அந்தக் கருத்துகளில் 46.1 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. எது எழுதியிருக்கிறது என்பதைவிட எப்படித் தெரிகிறது என்பதே முன்னால் நின்றது. 2006இல் கனடாவின் கித்தே லிண்ட்கார்டும் உடனாய்வாளர்களும், பக்கத்தின் அழகு பற்றிய எண்ணம் 50 மில்லி வினாடிகளிலேயே உருவாகிவிடுகிறது என்று காட்டினார்கள். அப்படியானால் அழகே போதாதா?

போதாது, காரணம் ஸ்பென்ஸிடமே இருக்கிறது. 2002இல் நேர்த்தியான தளம் ஒன்றைக் கட்ட ஆளும் பணமும் வேண்டியிருந்தது. அன்றைக்குத் தோற்றம் செலவுள்ள அடையாளம். அதைப் பார்த்து நம்பியவர்கள் தவறு செய்யவில்லை. இன்றைக்கு ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற இணையக்கடை மென்பொருளில் ஒரு டெம்ப்ளேட்டை ஏற்றினால் அதே நேர்த்தி ஒரு மாலைப்பொழுதில் கிடைத்துவிடும், யாருக்கும். ஆகவே நேர்த்தியின்மை இன்னும் சந்தேகத்தை எழுப்பும். நேர்த்தி மட்டும் சந்தேகத்தைத் தீர்க்காது. அழகு நுழைவுக்கட்டணம் போன்றது, அவ்வளவே. அதைக் கட்டிய பிறகு முகப்பு செய்ய வேண்டிய வேலை முழுக்க மிச்சமிருக்கிறது.

சரிபார்க்கத் தக்கவை

மோசடிக்காரரால் எளிதில் போட முடியாதவை எவை? பார்ப்பவர் தாமே போய்ச் சரிபார்க்கக்கூடியவை. நம் மாதிரிக் கடைக்கு இவை ஏராளமாகவே இருக்கின்றன. ஆனால் எல்லாம் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கு எட்டாத எழுத்தில் கிடக்கின்றன.

உணவு விற்பவர் ஒவ்வொருவருக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 14 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. ஆணையத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. கோவில்பட்டிக் கடை என்று சொல்லிக்கொள்ளும் தளத்தின் ஜிஎஸ்டி எண் வேறு இலக்கத்தில் தொடங்கினால் கேள்வி கேட்கத் தெரிந்தவர் கேட்பார். இந்த எண்களை வெறுமனே போடாமல், ‘இந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்’ என்று ஒரு வரியும், அங்கே போகும் இணைப்பும் சேர்த்து வைத்தால் அது சான்று ஆகிறது. பத்தில் ஒன்பது பேர் சரிபார்க்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் குறையில்லை. சரிபார்க்க அழைக்கிறவர் பொய் சொல்லத் துணியமாட்டார் என்று பார்ப்பவர் ஊகித்துக்கொள்கிறார். அந்த ஊகம் நியாயமானதும்கூட.

புவிசார் குறியீட்டில் இன்னும் நுட்பமான விஷயம் ஒன்று இருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடனே பலரும் முகப்பில் ‘புவிசார் குறியீடு பெற்றது’ என்று போட்டுக்கொண்டார்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குறியீடு பதிவாவது ஒன்று; அதைப் பயன்படுத்த ஓர் உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவுசெய்துகொள்வது இன்னொன்று. ‘எங்கள் ஊர் மிட்டாய்க்குக் குறியீடு இருக்கிறது’ என்பது ஊரைப் பற்றிய செய்தி. ‘நாங்கள் பதிவுபெற்ற பயனர், பதிவு எண் இது’ என்பது கடையைப் பற்றிய செய்தி. முன்னதை யாரும் எழுதலாம். பின்னதை எழுத முடிந்த கடை அதை முகப்பின் நடுவே வைக்க வேண்டும். எழுத முடியாத கடை முன்னதை மட்டும் போட்டு வாசகரை மயக்குவது நேர்மையல்ல.

முகவரியும் ஆளும் இதைவிட அடிப்படை. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், தலைமையிட முகவரி, வாடிக்கையாளர் சேவைக்கும் குறைதீர் அலுவலருக்குமான தொடர்பு விவரங்கள் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகவும் எடுப்பாகவும் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் கிடைத்ததென்று தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பல கடைக்காரர்கள் இதைத் தலைவலியாகப் பார்க்கிறார்கள். எனக்கு இது சிறு கடைக்குக் கிடைத்த வாய்ப்பாகவே படுகிறது. பெரிய கடையின் குறைதீர் அலுவலர் முகம் தெரியாத ஒரு பெயர். பட்டறையில் குறைதீர்ப்பவர் பாகு கிண்டுகிற அதே குடும்பத்து ஆள். ‘மிட்டாய் நமத்திருந்தால், உடைந்திருந்தால் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை நானே எடுப்பேன்’ என்று பெயரோடும் பட்டறையில் எடுத்த படத்தோடும் முகப்பில் எழுத சிறு கடையால் முடியும். பெரிய கடையால் முடியாது.

படம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுத்த மிட்டாய்ப் படம் எல்லாத் தளத்திலும் ஒன்றேபோல் இருக்கும். ஒருவர் இன்னொருவருடையதைத் திருடியும் போடலாம். கடலை வறுபடும் வாணலி, பலகையில் கொட்டிய பாகைக் கட்டையால் உருட்டிச் சமப்படுத்தும் கை, சூடு ஆறுவதற்குள் வில்லை போடும் கத்தி, மேலே தூவிய தேங்காய்ப்பூ, பின்னால் பட்டறையின் சுவர் என்று எடுத்த படத்தைத் திருடிப் போடுபவர் எளிதில் பிடிபடுவார். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த இடத்தில், யாருடைய கையால் நடக்கிறது என்பது தெரிய வேண்டும்.

விலையை மறைப்பது

தமிழ்நாட்டுச் சிறு கடைகளின் இணைய விற்பனையில் பரவிவிட்ட பெருங்கேடு, விலையைச் சொல்லாமலிருப்பது. ‘விலைக்கு வாட்ஸ்அப் செய்யவும்’ என்று போடுவது வாடிக்கையாளரைப் பேச்சுக்கு இழுக்கும் தந்திரமென்று நம்பப்படுகிறது. கேட்பவரைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகத்தைத்தான் அது எழுப்புகிறது. பொதியிட்ட சரக்குகளை இணையத்தில் விற்கும்போது அதிகபட்ச சில்லறை விலை, நிகர எடை, தயாரிப்பாளர் பெயர், முகவரி ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 2018 ஜனவரி முதலே சொல்கின்றன. எனவே இது தந்திரம் என்ற நிலையைத் தாண்டி விதிமீறலுமாகிறது.

விலை சொல்லும் கடைகளிலும் அனுப்பும் செலவு ஒளிந்திருக்கிறது. கடலைமிட்டாய் விலை குறைந்த, எடை கூடிய சரக்கு. அரைக் கிலோ 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூரியருக்கு 70 ரூபாய் ஆனால் செலவு சரக்கின் விலையில் பாதியைத் தொடுகிறது. புடவைக்கோ நகைக்கோ இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இல்லை. வாடிக்கையாளர் 150 என்று நினைத்துக்கொண்டே முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் தட்டிவிட்டுக் கடைசித் திரையில் 220ஐப் பார்த்தால், அந்த 70 ரூபாயைவிட அதை மறைத்ததுதான் அவரைச் சுடுகிறது. விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் இந்த முறை, 2023 நவம்பர் 30 அன்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டிருக்கும் 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்று.

பின்கோடு தட்டிப் பார்க்கும் பெட்டி வைக்கலாம் என்பார்கள். சிறு கடைக்கு அதுவும் தேவையில்லை. ‘தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, தென்மாநிலங்களுக்கு இவ்வளவு, மற்ற இடங்களுக்கு இவ்வளவு, இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கினால் இவ்வளவு’ என்று ஒரே வரியில் முகப்பின் முதல் திரையிலேயே எழுதிவிடலாம். கூடவே எந்தக் கிழமைகளில் மிட்டாய் போடுகிறார்கள், எந்தக் கிழமையில் பெட்டி புறப்படுகிறது, எத்தனை நாள் கெடாமலிருக்கும் என்பதும் வர வேண்டும். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்துவைத்தால் நமத்துப் போகும். ‘பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்’ என்று எழுதுகிற கடை தன் சரக்கை அறிந்த கடை. விளம்பர வாசகம் பத்து எழுதினாலும் இந்த ஒரு வரியின் நம்பகம் வராது.

அதே 13 வடிவங்களில் இன்னொன்று பொய்யான அவசரம். ‘இன்னும் 2 மட்டுமே’, ‘சலுகை 09:59 நிமிடங்களில் முடிகிறது’ என்று ஓடும் கடிகாரங்கள் டெம்ப்ளேட்டோடு சேர்ந்தே வருகின்றன. பக்கத்தை மறுபடி திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. அதை ஒருமுறை கண்டுகொண்டவர் அந்தப் பக்கத்தில் வேறு எதையும் நம்ப மாட்டார், உரிம எண் உட்பட. உண்மையான சான்று ஒரு பக்கமும் பொய்க் கடிகாரம் ஒரு பக்கமும் இருந்தால் பொய்தான் வெல்லும்.

நகரும் பேனரும் கனமும்

பேனரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வழக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழக முகப்பில் இருந்த நகரும் பேனரை எரிக் ரன்யன் அளந்து 2013இல் வெளியிட்டார். வந்தவர்களில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே அதைத் தொட்டார்கள். தொட்டவற்றில் 84 விழுக்காடு முதல் படத்தின் மீது. அது பல்கலைக்கழகம், கடையல்ல. ஆனால் இரண்டாவது, மூன்றாவது படங்களில் வைக்கும் செய்தி பெரும்பாலோர் கண்ணில் படாது என்ற முடிவைக் கடைக்குப் பொருத்துவதில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

கேடு அதோடு நிற்பதில்லை. மூன்று பெரிய படங்களும் அவற்றை நகர்த்தும் நிரலும் இறங்க நேரம் பிடிக்கும். பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 வினாடிக்குள் திரையில் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. மலிவான கைபேசியில், ஓடும் பேருந்தில், விட்டுவிட்டு வரும் இணைப்பில் பேனர் இதைத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு படம் போதும், வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில், கைபேசித் திரையின் அகலத்துக்குச் சுருக்கியது. அகலமும் உயரமும் நிரலிலேயே குறித்திருந்தால் படம் இறங்கும்போது கீழிருக்கும் எழுத்து துள்ளாது. கீழே உள்ள படங்களைத் தாமதமாக ஏற்றச் சொல்வது நல்லது. அதே கட்டளையை முதல் படத்துக்கும் கொடுத்துவிடும் டெம்ப்ளேட்டுகள் உண்டு. அது வேகம் கூட்டும் என்ற நினைப்பில், கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியதையே பிந்த வைக்கிறது.

முகப்பில் எத்தனை சரக்கைக் காட்டுவது என்ற கேள்விக்கு ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரின் 2000ஆம் ஆண்டு ஜாம் ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 24 வகை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 விழுக்காட்டினரும், 6 வகை வைத்தபோது 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள். ஆனால் 2010இல் ஷைபெஹென்னும் உடனாய்வாளர்களும் இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறத்தாழ பூச்சியமாக இருந்தது. ஆகவே அந்தப் புகழ்பெற்ற எண்ணை வைத்து யாரும் முகப்பு வடிவமைக்க வேண்டாம். ஏழெட்டுச் சரக்குதான் இருக்கிறதென்றால் வகை, உட்பிரிவு, தேடல் பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏழெட்டையும் விலையோடு முகப்பிலேயே வரிசையாக வைத்துவிடுவது நேர்வழி.

தமிழில் எழுதும்போது

கோவில்பட்டிக் கடையின் முகப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது சாதாரணமாகிவிட்டது. தமிழில் வைத்தால் நாட்டுப்புறமாகத் தெரியும் என்ற அச்சம் ஒரு காரணம். தமிழைப் போட்டால் பக்கம் குலைந்துவிடுகிறது என்பது இன்னொரு காரணம், அது உண்மையும்கூட. டெம்ப்ளேட்டுகள் ஆங்கில எழுத்தை வைத்துக் கட்டப்பட்டவை. தலைப்பையும் பட்டியலையும் அவை பெரிய எழுத்துகளால் வேறுபடுத்திக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதனால் தமிழைப் போட்டதும் தலைப்பும் உரையும் பொத்தானும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கின்றன. அளவாலும் தடிப்பாலும் இடைவெளியாலும் அந்த வேறுபாட்டைப் புதிதாக உண்டாக்க வேண்டும். வரி இடைவெளியும் அப்படியே: மேலே ஏறும் இகரக் குறியும் கீழே இறங்கும் உகரக் குறியும் இடிக்காமலிருக்க ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடக் கூடுதல் வேண்டும். ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ அடங்காது. ‘வாங்க’ என்று போட்டால் அடங்கும், பொருளும் விளங்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று இவற்றைவிட மோசமானது. பக்கத்தின் நிரலில் மொழி ஆங்கிலம் என்று டெம்ப்ளேட் எழுதிவைத்திருக்கும். தமிழ் உரையைப் போட்ட பிறகும் அதை யாரும் மாற்றுவதில்லை. திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு அந்தப் பக்கத்தைத் தமிழ்க் குரலில் படிக்க வேண்டும் என்பதே கருவிக்குத் தெரியாமல் போகலாம். மொழிக் குறியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்ற இரண்டே எழுத்தைத் திருத்தினால் போதும். தமிழ் எழுத்துரு சரியாக வரவில்லை என்று கடைப் பெயரையும் விலையையும் படமாகச் செய்து ஒட்டுவதும் இதே இனத்துப் பிழை. அதைத் திரைவாசிப்பானும் படிக்காது, தேடுபொறியும் நம்பத்தக்கபடி எடுத்துக்கொள்ளாது, பெரிதாக்கிப் பார்க்கிற முதியவருக்கும் கலங்கிவிடும்.

இவ்வளவு விவரத்தையும் யார் படிப்பார் என்ற மறுப்பு மீந்திருக்கிறது. மக்கள் திரையில் வரிவரியாகப் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக இடது ஓரத்தை மேய்ந்துகொண்டே போகிறார்கள் என்று நீல்சன் 2006இல் கண்ணசைவு ஆய்வால் காட்டியது சரியே. அதனால்தான் ஒவ்வொரு வரியும் குறுகியதாக, எண்ணோ பெயரோ முதலில் வருவதாக இருக்க வேண்டும். நம்பியவர் மேய்ந்துவிட்டு வாங்கப் போவார். நம்பாதவர் மட்டுமே நின்று படிப்பார். இந்தப் பக்கம் அவருக்காக எழுதப்படுவதால் அவர் படிக்கும்போது அங்கே விவரம் இருந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் சிறுதொழில் செய்வோருக்கு இணைய விற்பனை கற்பிக்கும் நிறுவனங்களும் கல்லூரிகளும் பல. அவற்றின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் டெம்ப்ளேட் தேர்வைத் தொடங்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடையின் சட்டப்படியான பெயர், பட்டறையின் முகவரி, உரிம எண், ஒவ்வொரு சரக்கின் எடையும் விலையும், அனுப்பும் செலவு, பெட்டி புறப்படும் கிழமை, குறை சொன்னால் எடுப்பவரின் பெயர் ஆகியவற்றைக் கடைக்காரர் கையாலேயே எழுத வையுங்கள். அந்தத் தாள் நிரம்பிய பிறகு கணினியைத் திறக்கட்டும்.